பஞ்சுருட்டானும் மெழுகுப் பூச்சியும்

காலை ஆறு நாற்பது. மின்கம்பியில் ஒன்பது பஞ்சுருட்டான்கள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. அந்தப் பக்கத்தில், அடுத்த வீட்டுக்குப் பின்னால், நான்கு தேனீப் பெட்டிகள் இருந்தன.

சிட்டுக்குருவியைவிடச் சற்று நீளமான பறவை. உடல் பச்சை, உச்சந்தலை துருநிறம், கண்ணின் குறுக்கே மை இழுத்ததுபோல ஒரு கோடு. வாலின் நடுவில் இரண்டு இறகுகள் கம்பிபோல நீண்டிருக்கும். கம்பியிலிருந்து ஒன்று கிளம்பும், காற்றில் ஒரு வளைவு போடும். திரும்பி அதே இடத்தில் உட்காரும்போது அலகு நுனியில் ஒரு தேனீ இருக்கும். அதைக் கம்பியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி அடிக்கும். பிறகு அதன் பின்பக்கத்தைக் கம்பியில் தேய்க்கும். கொடுக்கு அப்படித்தான் போகிறது. கடைசியில் மேலே வீசிப் பிடித்து விழுங்கும். ஒரே ஒரு பறவையை மட்டும் அரை மணி நேரம் பார்த்தேன். ஆறு தேனீ.

அது வைகாசி மாதம். பத்திரிகை வேலையை விட்டபின் மலைமேல் புதூர்நாட்டுக்கு அடுத்த ஒரு சிற்றூரில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தேன். அதே நாளிதழின் வார இணைப்புக்குப் பறவைகளைப் பற்றிப் பத்தி எழுதுவது மட்டும் மிச்சமிருந்தது. அதற்காக ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். நேரம், இடம், எண்ணிக்கை மூன்றும் இல்லாமல் ஒரு வரி எழுதினால் அந்தக் காலத்தில் செய்தி ஆசிரியர் தாளைத் திருப்பி வீசுவார். அவர் இறந்து பல வருடம் ஆகியும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை.

அடுத்த வீட்டில் மூன்று பேர்: கணவன், மனைவி, இரண்டு வயதை எட்டாத ஒரு பெண் குழந்தை. மேட்டு நிலத்தில் சாமை போடுவார்கள். வீட்டருகே நான்கு புளியமரங்களும் ஒரு பலாவும் இருந்தன. முந்தைய ஆண்டு தீபாவளி முடிந்ததும் கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் ஜீப்பில் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போன கணவன், ஐந்து மாதம் கழித்துத்தான் திரும்பினான். வாசலில் நின்று கையை நீட்டியவனைப் பார்த்துக் குழந்தை அலறி, அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பதினொரு நாள் அவனிடம் போகவில்லை. என்னிடம் சொன்னபோது பதினொன்று என்பதை இரண்டு முறை சொன்னான்.

பெட்டிகள் அதற்குப் பிறகு வந்தவை. அடிவாரத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, பெட்டியில் தேனீ வளர்ப்பதைச் சொல்லிக்கொடுத்து, கூட்டத்தோடு நான்கு பெட்டிகளையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டியின் கால்கள் எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. மழை மாதங்களைத் தாண்டிவிட்டால் தையில் நான்கை எட்டாகப் பிரிக்கலாம் என்றும், நாவலும் புளியும் பூக்கும்போது தேன் எடுக்கலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். கணவன் மனைவியிடம் ஒரு வாக்குக் கொடுத்தான். நான்கு பெட்டியும் தீபாவளி வரை நின்றால் இந்த வருடம் குடகுக்குப் போகமாட்டான்.

ஆகவே கம்பியில் எத்தனை பறவை என்பது அந்த வீட்டில் பெரிய விஷயம்.

"இன்னா சார், தெனம் கம்பியவே பாத்துகினு கீறீங்க?" என்று அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"எத்தனை குருவின்னு எண்ணுறேன்மா."

"எண்ணிட்டா பறந்துடுமா?"

"எண்ணினாத்தானே கூடுதா குறையுதான்னு தெரியும்."

"எண்ணாமயே எங்களுக்குத் தெரியுது சார், நம்ம ஈய அது துன்னுது." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "யோவ், நீயும் ஒரு நோட்டு வாங்கிக்க. ரெண்டு பேரும் எழுதிகினே இருங்க. அது துன்னுகினே இருக்கட்டும்."

பஞ்சுருட்டான்கள் சாலையோரத்து மண்சுவரில் வளை தோண்டி முட்டை வைத்திருந்தன. ஒரு நாள் காலை அவன் ஒரு சட்டி சேற்றோடு அங்கே போனான். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினான். சட்டியில் சேறு அப்படியே இருந்தது.

"அடைச்சிட்டியா?" என்றாள்.

"இல்லமே. உள்ள குஞ்சு கத்துது."

"கத்தட்டும். அதுக்காக நம்மள்து சாவணுமா?"

"அப்ப நீ போய் அடைச்சிட்டு வா. தோ சட்டி."

அவள் சட்டியை வாங்கி, சேற்றை வாழைக்கு அடியில் கொட்டினாள்.

கொல்லாமல் விரட்ட வழி இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். பழைய சிடி தகடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். வெயிலில் மின்னினால் பறவை மிரளும். பெட்டிகளைத் திறந்த வெளியிலிருந்து எடுத்து, வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பலாவின் நிழலில் வைக்கலாம். முன்னால் ஒரு பழைய சேலையைத் திரைபோலக் கட்டினால் பறவை நேராகப் பாய முடியாது. மூன்றும் என் யோசனை. எதையும் எங்கும் படித்துச் சொல்லவில்லை. பறவையைப் பார்த்துச் சொன்னேன்.

ஆனி முதல் வாரம், பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கியபின், இருவரும் பெட்டிகளைத் தூக்கிப் பின்சுவரோரம் வைத்து, முன்னால் சேலையையும் தகடுகளையும் கட்டினார்கள். நகர்த்திய தூரம் இருபது அடிகூட இருக்காது. மறுநாள் காலை வெளியே போன தேனீக்களில் பல, திரும்பும்போது பழைய இடத்துக்கே வந்தன. அங்கே வெறும் கிண்ணங்கள்தான் இருந்தன. அவை அதற்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. இரண்டு நாள் இப்படி. அந்த இரண்டு நாளும் கம்பியில் பதினான்கு பறவைகள் வரை எண்ணினேன்.

"தூரம் கொஞ்சம்தானே சார், வழி மறந்துடுமா?" என்று அவன் கேட்டான்.

"பழகிடும்" என்றேன்.

மூன்றாம் நாள் பழைய இடத்தில் ஒரு தேனீயும் இல்லை. பழகிவிட்டதாக நினைத்தோம்.

அதன் பிறகு என் குறிப்பேட்டில் எண்கள் இறங்கத் தொடங்கின. ஆனி நடுவில் ஏழு. ஆடி முதல் நாள் நான்கு. ஆடிப் பதினெட்டு அன்று இரண்டு. ஆவணி பிறந்து ஐந்தாம் நாள் காலை ஆறு நாற்பதுக்குக் கம்பியில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் சேலையின் முடிச்சை இறுக்கிக் கட்டியபடி, "இந்தச் சேல என் கல்யாணத்துக்கு எடுத்தது சார். அப்ப ஒருத்தனும் பாத்து மெரளல. இப்பப் பாரு, குருவி மெரளுது" என்றாள். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்த வாரப் பத்தி அதைப் பற்றித்தான். ஒரு பறவையையும் கொல்லாமல் ஒரு மலைக் குடும்பம் பஞ்சுருட்டான்களை விரட்டிய கதை. எண்களை வரிசையாகக் கொடுத்திருந்தேன். சேலைக்கு முன்னால் இருவரும் நிற்கும் படமும் வந்தது. திருப்பத்தூர் போய் வந்த ஒருவர் பத்திரிகையை வாங்கிவந்து கொடுத்தார். அவள் அதைக் கத்தரித்து, சோற்றுக் கஞ்சியால் உள்சுவரில் ஒட்டினாள்.

எட்டு நாளைக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், அடிப்பலகையைக் கூட்ட வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஆடியிலும் ஆவணியிலும் திறக்கவில்லை. காற்றும் தூறலுமாக இருந்தது. அந்த நேரத்தில் திறந்தால் கூட்டம் ஓடிவிடும் என்று அவன் பயந்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது. பறவைதான் போய்விட்டதே, எதற்குக் கலைக்க வேண்டும்?

ஆவணியில் ஒரு மாலை, ஆறரை மணி இருக்கும். பெட்டிகளின் பக்கவாட்டில் சாம்பல் நிறப் பூச்சிகள் நான்கைந்து ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். இறக்கையைக் கூரைபோல மடித்து, பலகையின் நிறத்திலேயே இருந்தன. காட்டினேன். அவள் உள்ளங்கையால் துடைத்துவிட்டாள். கையில் சாம்பல் பொடி ஒட்டியது.

"அந்து சார். சாமைல உயுமே, அது."

அந்து எனக்கும் தெரியும். தானியத்தில் விழும் சிறு பூச்சி. அரிசி மூட்டையைத் திறந்தால் முகத்தில் பறக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய தொம்பை இருந்தது. மூங்கிலில் பின்னி, சாணமும் மண்ணும் பூசி, ஆளுயரத்துக்கு நிற்கும் தானியக் கூடு. போன வருடத்துச் சாமை அதில் இருந்தது.

"தேனீப் பெட்டியில் வந்து உட்கார்ந்திருக்கே" என்றேன்.

"செவுத்து இடுக்குல பூந்து வந்துகீது சார். ஈகிட்ட அதுக்கு இன்னா வேல? பொட்டில நெல்லா கீது, சாமையா கீது?"

கேள்வி நியாயமானது. மறுநாள் அவள் தொம்பையிலிருந்த சாமை முழுவதையும் அள்ளிப் பாறையில் கொட்டினாள். மழை விட்டிருந்த இரண்டு நாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலால் துழாவித் துழாவிக் காயவைத்தாள். நொச்சித் தழை பறித்துவந்து அடியில் ஒரு அடுக்கு, நடுவில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு என்று போட்டு மறுபடியும் தொம்பையை நிரப்பினாள். இரண்டாம் நாள் மாலை அவளால் நிமிர முடியவில்லை. பூச்சிகள் குறையவில்லை. அந்து போக நாளாகும் என்றாள்.

அந்த நாட்களில் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல நாள் கழித்து ஒரு மாலை ஒரே ஒரு பஞ்சுருட்டான் கம்பிக்கு வந்தது. சேலைக்கு மேலாகப் பறந்து எதையோ பிடித்தது. திரும்பி வந்து கம்பியில் அடித்தபோது சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. தேனீ அல்ல என்று தெரிந்தது. தேனீ பிடிக்க வரும் பறவைகள்தான் என் கணக்கில் வரும். எனவே, "மாலை 6.15, ஒன்று, வேறு பூச்சி" என்று எழுதிவிட்டு நோட்டை மூடினேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நன்றாக வெயில் அடித்தது. காலை பத்து இருபதுக்கு அவன் சேலையை அவிழ்த்து முதல் பெட்டியைத் திறந்தான்.

முதலில் நாங்கள் கவனித்தது சத்தமில்லாததை. மூடியைத் தூக்கினால் வரும் இரைச்சல் வரவில்லை. தேனடைகள் இருந்த இடத்தில் வெள்ளை நூலாம்படை. அடையைத் தாங்கும் மரச்சட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்து யாரோ தைத்துவிட்டதுபோல இருந்தது. அவன் ஒரு சட்டத்தைப் பிடித்து இழுத்தான். அது தனியாக வரவில்லை, பக்கத்துச் சட்டத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே வெளிர் நிறப் புழுக்கள், சுரங்கம் சுரங்கமாக. அடிப்பலகையில் கரடுமுரடான மாவுபோல மெழுகுத் துகள்கள், அதில் கருப்பாகக் கேழ்வரகு அளவில் புழுவின் எச்சம். பலகையின் உள்பக்கத்தில், கூடு கட்டுவதற்காகப் புழுக்கள் மரத்தையே படகு வடிவத்தில் குடைந்திருந்தன.

இரண்டாவது பெட்டியும் அப்படியே. மூன்றாவதில் தேனீ எப்போதோ கிளம்பிப் போயிருந்தது; நூல் மட்டும் இருந்தது. நான்காவதில் இரண்டு கையளவு தேனீக்கள் ராணியைச் சுற்றி ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தன. குழந்தை ஒரு புழுவை எடுக்கக் குனிந்தது. அவள் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கைபேசியில் படம் எடுத்துப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன். சிக்னல் கிடைக்க மேட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் அழைத்தார்.

"மெழுகுப் பூச்சி சார் அது. எத்தினி நாளா தொறக்கல?"

சொன்னேன்.

"பொட்டிய எடம் மாத்துனீங்களா?"

சொன்னேன்.

"ஏன் சார்?"

"பஞ்சுருட்டான் வருதுன்னு."

"குருவி வந்தா ஈ நல்லா கீதுன்னு அர்த்தம் சார். சாப்பாடு கீற எடத்துக்குத்தான் அது வரும். அது நின்னு போன அன்னிக்கே பொட்டியத் தொறந்து பாத்திருக்கணும்."

நான்காவது பெட்டியின் கூட்டம் மறுநாள் பதினொன்றே காலுக்குப் புறப்பட்டது. புளியமரத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வடக்கே போயிற்று. அவன் ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு, சத்தத்துக்கு அது எங்காவது இறங்கும் என்று தட்டிக்கொண்டே ஓடையைத் தாண்டும்வரை பின்னால் ஓடினான்.

பறவை, பூச்சி இரண்டையும் பற்றிப் பிறகு நிறையப் படித்தேன். பஞ்சுருட்டான் பகலில் வருகிறது, எல்லோரும் பார்க்கும்படி கம்பியில் உட்காருகிறது. வெளியே பறக்கும் தேனீயை ஒவ்வொன்றாகத் தின்கிறது. நல்ல கூட்டத்தில் அந்த இழப்பை ராணி முட்டையிட்டு ஈடுகட்டிவிடும். நாங்கள் அந்து என்று நினைத்த அந்தச் சாம்பல் பூச்சிதான் மெழுகுப் பூச்சி; அது தேனீயைத் தொடுவதில்லை. இருட்டும் வேளையில் நுழைந்து பெட்டி இடுக்கில் முட்டை வைக்கிறது. கூட்டம் பலமாக இருந்தால் தேனீக்களே புழுவைக் கவ்வி வெளியே எறிந்துவிடும். பலம் குறைந்த கூட்டில், நிழலும் ஈரமும் இருட்டும் உள்ள இடத்தில், திறந்து பார்க்க ஆளில்லாத பெட்டியில், புழு அடையைத் தின்றுகொண்டே போகும். பறவை தின்பது தேனீயை. புழு தின்பது தேனீயின் வீட்டை. சிறகு முளைத்துப் பறக்கும் மெழுகுப் பூச்சி எதையும் தின்பதில்லை. தின்ன அதற்கு வாய் இல்லை.

வெளியே போய்வரும் தேனீக்கள் குறையக் குறையக் கம்பியில் பறவை குறைந்திருக்கிறது, பெட்டிக்குள் பூச்சி கூடியிருக்கிறது. என் குறிப்பேட்டில் பறவைகளின் எண் மட்டும் இருந்தது. எண்களில் ஒரு பிழையும் இல்லை. இன்றும் எடுத்துப் பார்க்கிறேன், ஒன்றைக்கூட மாற்ற முடியாது. அவற்றுக்கு மேல் நான் வைத்த தலைப்புதான் பொய். நிழலைத் தேடிக் கொடுத்தது, சேலையைக் கட்டச் சொன்னது, திறக்க வேண்டாம் என்று தலையாட்டியது, எல்லாம் அந்தத் தலைப்புக்குக் கீழே நடந்தவை.

பத்திரிகைக்கு மூன்று வரியில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன். பறவைக் கட்டுரைக்கெல்லாம் திருத்தம் போட இடமில்லை என்றார்கள். என் இடத்தில் இப்போது இருப்பவர் மரியாதையாகத்தான் பேசினார். நானும் அந்த மேசையில் இருந்தபோது அதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் யோசனையால்தான் இப்படி ஆயிற்று என்று சொன்னேன். சுவரிலிருக்கும் அந்தத் தாளைக் கிழித்துவிடும்படி கேட்டேன்.

"அது இருக்கட்டும் சார்" என்றாள். "மூணு பேரும் ஒண்ணா கீற படம் வேற இல்ல."

மூன்று பேர் இல்லையே, இருவர்தானே என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். சேலையின் ஓரத்தில், அவள் காலடியில், குழந்தையின் ஒரு கை தெரிந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

மன்னித்துவிட்டார்களா என்று தெரியவில்லை. கோபம் என்று எதுவும் காட்டவில்லை. அவன் மட்டும் என்னிடம் தேனீயைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சட்டங்களை அடுப்பில் வைத்தார்கள். பெட்டிகளில் ஒன்றில் கோழி முட்டையிட்டு அடைகாத்தது.

தீபாவளி முடிந்து ஆறாம் நாள் மேஸ்திரியின் ஜீப் வந்தது. காலை ஐந்து ஐம்பது. உள்ளே ஏற்கெனவே ஒன்பது பேர். அவன் பையை மேலே போட்டான்.

"இன்னாப்பா, இந்த வருஷம் வரமாட்டேன்னு சொல்லிகினு இருந்தியே. தேன் முதலாளி ஆய்ட்டியாமே, பேப்பர்லல்லாம் வந்துச்சாம்?" என்றார் மேஸ்திரி. உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆக்காங்" என்றான் அவன். "வுடு மேஸ்திரி, நவுரு, எடங் குடு."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஏறி உட்கார்ந்தபின், ஜீப்பின் பக்கக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, "போய்ட்டு வர்றேன்" என்றான். அவளிடம் சொன்னானா எல்லோரிடமும் சொன்னானா என்று தெரியவில்லை. அவள், "அவ எந்திரிச்சதும் அப்பா எங்கன்னு கேப்பா. இன்னா சொல்ல?" என்றாள்.

"கேக்க மாட்டா" என்றான்.

ஜீப் வளைவில் திரும்பும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய், காலைக்குச் சாமை எடுக்கத் தொம்பையின் மூடியைத் திறந்தாள். நொச்சித் தழை சருகாகி இருந்தது. அதை விலக்கி, இரண்டு கையாலும் அள்ளி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள்.

சாமையில் ஒரு அந்துகூட இல்லை.